கட்டம் கட்டமா வருதுப்பா

நீங்களும் கம்ப்யூட்டர் கம்பெனிங்களா தம்பி? கழுத்துல அட்டை தொங்குதேன்னு கேட்டேன். கழட்டிப் பையில வெச்சுக்கோங்க, காத்துக்கு மூஞ்சில அடிக்குது பாருங்க. நானும் அந்த வேலைதானுங்க. இந்த வேட்டியப் பாத்தா நம்ப மாட்டீங்க. பீளமேட்டுல ஒரு சின்னக் கம்பெனி. ஜவுளிக்கடைக்கெல்லாம் பில்லுப் போடற புரோகிராம் பண்ணிக் குடுக்கறோம். பேரு சென்னியப்பனுங்க. ஆனா ஆபீஸ்ல இருக்கற பொடுசுகளுக்கு நான் ஜிப் மாமா. மூஞ்சிக்கு நேராவே கூப்புடுதுக.

நான் புரோகிராம் எழுதறவன் இல்லீங்க. கட்டிக் குடுக்கறவன். ஒருத்தன் பில்லுப் போடற துண்டை எழுதுவான், ஒருத்தி சரக்குக் கணக்குப் பாக்கற துண்டை எழுதுவா, இன்னொருத்தன் பிரிண்டருக்கு எழுதுவான். அதது அவங்கவங்க மேசையில நல்லாத்தான் ஓடும். அதையெல்லாம் வாங்கி, எது வேணும் எது வேண்டாம்னு பாத்து, ஒரே ஜிப் பொட்டலமா அமுக்கி, மேல நம்பரைப் போட்டு வெளியூருக்குத் தாட்டி விடறது என்ற வேலை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெரியாட்டியும் பரவால்லைங்க, உங்க கம்பெனில அதையெல்லாம் மெசினே பண்ணிக்கும். எங்களுது சின்ன எடம், நாந்தான் மெசினு.

பொண்ணுப் பாக்க வந்தன்னைக்கு சம்மந்தி கேட்டாருங்க, ‘நீங்க என்ன பண்றீங்க?’ன்னு. வாய் தவறி, ‘கட்டிக் குடுக்கறதுங்க’ன்னுட்டேன். ஆபீஸ்ல அப்படித்தானுங்க பேச்சு. சென்னியப்பன் கட்டிக் குடுத்தாச்சா, எப்பக் கட்டிக் குடுப்பீங்க, இப்படியே. சம்மந்தி விழுந்து விழுந்து சிரிச்சாரு. ‘அப்ப எங்களுக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க’ன்னாரு. ஊடே சிரிச்சுது. வாணி காப்பித் தட்டைப் புடிச்சுட்டு நின்னுட்டிருந்தா. அவ சிரிச்சாளான்னு நான் பாக்கலீங்க. சிரிச்சிருப்பா.

எம் பொண்ணுங்க. கோகிலவாணி. ஒரே பொண்ணு. அவளைப் பாக்கத்தான் இப்பச் சேலம் போறேன். பாக்கறதுன்னா... அது கெடக்குதுங்க. சித்த இந்தக் கூடைய அக்கட்ட நகத்திக்கறேன், உங்க காலுக்கு எடைஞ்சலா இருக்குது.

எங்க வேலையில ஒரு விசயம் இருக்குதுங்க தம்பி. புதுசா ஒண்ணு கட்டுனா, கட்டுன மெசின்லயே அதைத் தெறந்து பாக்கக் கூடாது. அதுல ஓடத்தான் செய்யும். வேணுங்கறதெல்லாம் ஏற்கனவே அங்க கெடக்குமில்ல. நம்ம ஊட்டுல இருக்கற சாமானைப் பாத்துட்டு, பொட்டலத்துக்குள்ளயும் இருக்குதுன்னு நெனச்சுக்குவோம். ஒண்ணுமே இல்லாத மெசின்ல தெறந்தாத்தான் எது விட்டுப் போச்சுன்னு தெரியும். அதுக்குன்னு ஊட்டுல ஒரு பழைய மெசினை மொட்டையாத் தொடச்சு வெச்சிருந்தேன். பள்ளிக்கூடம் போற வயசுல இருந்து வாணிதானுங்க அதுல தெறந்து பாப்பா. சாயங்காலம் வந்தா யூனிபாரம் கூட மாத்தாம உக்காந்துக்குவா. அப்புறம் ஆபீசுக்குப் போன் வரும். ‘அப்பா, தெறந்துருச்சு.’ அவ்வளவுதான் பேச்சு. அதைக் கேட்டாத்தான் நான் கடைகளுக்குத் தாட்டி விடுவேன்.

போனைக் காதுல வெச்சா, பேசறதுக்கு முன்னால ஒரு தடவை தொண்டையைச் செருமுவனுங்க நான். அது ஒரு பழக்கம். வாணி அதை அப்படியே பண்ணிக் காட்டுவா. நான் செருமறதுக்கு முந்தி அவ செருமிட்டு, ‘சென்னியப்பன் சார், தெறந்துருச்சுங் சார்’ம்பா. பக்கத்து மேசைக்கெல்லாம் கேக்கும். அப்ப அவ்வளவு வாயிங்க அவளுக்கு.

ஒரு தீவாளிக்கு முன்னால நடந்ததைச் சொல்றேன் கேளுங்க. அப்ப அவ காலேஜ். பரீட்சை நேரம், புள்ளையத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு அந்தத் தடவை மட்டும் தெறந்து பாக்காமயே தாட்டி விட்டுட்டேன். மக்யா நாளு விடிஞ்சதும் அவளே தெறந்து பாத்துட்டுப் போன் பண்றா. ‘அப்பா, கட்டம் கட்டமா வருதுப்பா’ங்கறா.

புரியுதுங்களா? பில்லுத் தமிழ்ல வரோணும். தமிழ் ஃபாண்ட் எங்க ஆபீஸ் மெசின்ல எல்லாம் இருக்குது, அதனால பொட்டலத்துல வெக்கறதுக்கு விட்டுப் போச்சு. எழுத்து வர வேண்டிய எடத்துல எல்லாம் வெறுங்கட்டம். பேரு இருக்கற எடத்துல கட்டம், சேலைன்னு இருக்கற எடத்துல கட்டம். தீவாளி யாவாரத்துல கடைக்காரன் கட்டத்தை அச்சடிச்சுக் குடுத்தா சனம் சும்மா விடுமுங்களா?

நான் ஒரு கேள்வி கேக்கலீங்க தம்பி. நீ எதை அமுக்குன, மெசின்ல ஏதாச்சும் மாத்துனயா, மறுபடி ஒருக்காப் பாரு, ஒண்ணும் கேக்கல. எம் பொண்ணு சொன்னா சொன்னதுதான். அந்த நிமிசமே, கடைக்காரங்க எறக்கிக்கற லிங்க்கை எடுத்துட்டேன். கடை கடையாப் போன் பண்ணி, தெறக்காதீங்க, தெறந்துராதீங்கன்னு சொன்னேன். முதலாளி குதிச்சாரு. ‘அனுப்பிச்சதைத் திருப்பி வாங்குனா நாலு பேரு என்னய்யா நெனைப்பாங்க?’ன்னாரு. ‘அந்த நாலு பேருங்களா கல்லாவுல உக்காந்து பில்லுப் போடப் போறாங்க?’ன்னு கேட்டேன். கோபிச்செட்டிபாளையத்துல ஒரு கடைக்காரர் அதுக்குள்ள ஏத்திட்டாரு. நானே பஸ் ஏறிப் போயி, அவருகிட்ட ஏச்சு வாங்கிட்டு, எடுத்துட்டுத்தான் வந்தேன். திருப்பி எடுத்துக்கறதுல கௌரவக் கொறைச்சல் ஒண்ணுமில்லீங்க. எங்க தொழில்ல அதுதான் கௌரவமே. இன்னைக்கும் புதுசா சேர்ற பசங்களுக்கு இதைத்தான் மொதல்ல சொல்லிக் குடுக்கறேன்.

கல்யாணம் கரூர்ல. திரைச்சீலையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பற குடும்பம். நல்ல எடமுங்க. ஒண்ணு விடாம வெச்சுத் தாட்டுனேன். பாத்திரம், பண்டம், பீரோ, கட்டிலு, மிக்சி. அவ கேக்காததையும் வெச்சேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, அந்தப் பழைய மெசின். ‘அதை எதுக்குக் கண்ணு, போற எடத்துல சிரிப்பாங்க’ன்னு வேண்டாம்னுட்டேன். கல்யாணத்துக்கு முன்னால வேலைக்குப் போயிட்டிருந்தா. அது வேண்டாம்னு அவங்க சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். அவகிட்ட... அவகிட்டயும் சொன்னனுங்க.

மொதல்ல தெனமும் போன் பண்ணுவா. என்ன சமைச்சேன், மாமியா என்ன சொன்னாங்க, மாடியில நின்னா ஆத்துப்பாலம் தெரியுது, ஏதாச்சும் பேசிட்டே இருப்பா. அப்புறம் பேச்சுக் கொறைஞ்சுது. ‘என்னம்மிணி, எப்படி இருக்கற?’ன்னு கேட்டா, ‘அதேதாம்ப்பா’ம்பா. மாப்ள எப்படி இருக்காரு? ‘அதேதாம்ப்பா.’ ஜிப் எப்படி அமுங்குதுன்னு தெரியுமில்லீங்களா? ஒரே மாதிரி வர்றதை ஒரு தடவை எழுதிட்டு, மிச்ச எடத்துல எல்லாம் மேல சொன்னதேதான்னு ஒரு குறி போட்டுக்கும். அதே மாதிரிதான்னு நெனச்சேன். புதுசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்லைன்னா நல்லா இருக்கறான்னுதானுங்களே அர்த்தம்? எங்கூட்டம்மிணிதான், ‘எனக்கென்னமோ சரியாப் படலைங்க’ன்னு சொல்லிட்டே இருந்தா. வாணியோட அம்மாங்க, பூங்கொடின்னு பேரு. அவ எப்பவும் அப்படித்தான், பால் பொங்குனாக்கூட பயந்துக்குவா.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸ் போனுக்கே கூப்புட்டுட்டா. ‘அப்பா, இங்க என்னால முடியலப்பா. நான் வந்துரட்டுமா?’

நான் பதட்டப்படலீங்க. கடைக்காரன் எத்தனை பேரு அழுதுட்டுக் கூப்புட்டிருப்பான். பொறுமையாக் கேட்டேன். என்ன பண்ணும்போது இப்படி ஆச்சு? அதுக்கு முன்னால நீ என்ன சொன்ன? அவரு என்ன சொன்னாரு, வார்த்தை மாறாம அப்படியே சொல்லு. இது தெனமும் வருதா, எப்பவாச்சும் வருதா? ‘முடியலப்பா’ன்னு அதையேதான் சொன்னா. விவரம் சொல்லாட்டி எங்கிருந்து சரி பண்றது, நீங்களே சொல்லுங்க. ‘ரெண்டு நாள் வாயைத் தெறக்காம பொட்டாட்டம் இருந்துட்டு, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுப் பாரு கண்ணு’ன்னு சொன்னேன். சரிப்பான்னா.

சும்மா விட்டறலீங்க. என்னால ஆனதெல்லாம் பண்ணுனேன். ஆபீஸ்ல பேட்ச்சும்பாங்க, ஓட்டை இருக்கற எடத்துல ஒட்டுப் போடறது. பெரிய ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்கி அனுப்புனேன். ஆடிக்கு மாப்ளையக் கூப்புட்டு விருந்து வெச்சேன். சம்மந்தியம்மாளுக்குப் புடிச்ச மாதிரி கொழம்பு வெக்கப் பழகிக்கோன்னு அவகிட்டச் சொன்னேன். மாப்ளகிட்டயும் தனியாப் பேசுனேன். தங்கமான மனுசனுங்க எங்கிட்ட. மாமா மாமான்னு கையப் புடிச்சுக்குவாரு. கோவம் வந்தா மட்டும் வாரக் கணக்குல அவகூடப் பேச மாட்டாராம், போனை வாங்கி வெச்சுக்குவாராம். தட்டை வீசுவாராம். நான் போறப்பெல்லாம் தட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

ஒரு நாள் காலையில கேட்டைத் தொறந்தா வாணி நிக்கறா. தோள்ல ஒரு பை, காலுல வெவ்வேற செருப்பு. பூங்கொடி அவளைக் கட்டிப் புடிச்சுட்டு அழுகறா. ரெண்டு பேரும் உள்ளார போயிக் கதவைச் சாத்திட்டாங்க. நான் மாப்ளைக்குப் போன் பண்ணுனேன். சொல்லோணுமில்லீங்களா, தேடுவாங்களே. ‘கொண்டாந்து விட்டுருங்க மாமா, ஒண்ணும் இல்லை’ன்னாரு. சாப்புட வெச்சுட்டு, அன்னைக்கே கூட்டிட்டுக் கெளம்பிட்டேன். பூங்கொடி கூடாதுன்னு வாசல்ல நின்னா. ‘இன்னைக்கு உக்காத்தி வெச்சுட்டா, நாளைக்கு நாலு பேரு கேக்க மாட்டாங்களா?’ன்னு அவளை அக்கட்ட நகத்திட்டு வந்தேன். பொம்பளைங்களுக்கு அதெல்லாம் புரியாதுங்க.

கரூர் பஸ்ல ஜன்னலோரம் உக்காத்தி வெச்சேன். காங்கயத்துல நின்னப்ப முறுக்கு வாங்கிக் குடுத்தேன், கையிலயே வெச்சிருந்தா. வெள்ளகோயில் வரும்போது, வெளியப் பாத்துட்டே, மெதுவா, ‘அப்பா, கட்டம் கட்டமா வருதுப்பா’ன்னா.

எனக்குச் சந்தோசமாப் போச்சுங்க. அத்தனை அழுகைக்கு நடுவுல அந்தத் தீவாளிய நெனப்பு வெச்சிருக்காளேன்னு. ‘ஆமா கண்ணு, என்ன பாடு பட்டோம் அன்னைக்கு’ன்னு சொல்லி, கோபி கடைக்காரர் எப்படி ஏசுனாருன்னு அவளுக்கு நடிச்சுக் காட்டுனேன். முன்னெல்லாம் அதுக்கு அப்படிச் சிரிப்பா. அவ என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. கரூர் வர்ற வரைக்கும் சாஞ்சிருந்தா. சின்னப் புள்ளையில சாஞ்சது. கொண்டு போய் விட்டேன். உள்ள போறப்ப திரும்பிப் பாக்கல. பொட்டாட்டம் போயிட்டா.

அதுக்கப்புறம் அவ எனக்குப் போன் பண்ணவே இல்லீங்க. நானும் சரியாயிருச்சுன்னுதான் நெனச்சிருந்தேன். கடைக்காரன் கூப்புடலைன்னா ஓடுதுன்னுதானுங்க நாங்க எடுத்துக்குவோம்.

மாசி மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தா. கை ஒடிஞ்சு, தலையில தையலு. மாடிப்படியில விழுந்துட்டதா அவங்க சொன்னாங்க. அவ வேற மாதிரி சொன்னாளாம். நான் அங்க இல்லீங்களே தம்பி, நான் எதுன்னு கண்டேன்? பக்கத்து ஊட்டுக்காரங்கதான் கொண்டுபோய்ச் சேத்திருக்காங்க. இங்கதானுங்க எனக்கு மனசு விட்டுப் போச்சு. ஆஸ்பத்திரியில கேட்டிருக்காங்க, அப்பா பேரு என்னம்மா, அப்பா நம்பரு குடும்மான்னு. ‘அப்பா இல்லைங்க’ன்னுட்டாளாம்.

இல்லையாம். நான் குத்துக்கல்லாட்டம் பீளமேட்டுல உக்காந்திருக்கறேன். பூங்கொடி நம்பரைக் குடுத்திருக்கறா. பூங்கொடி எங்கிட்டச் சொல்லாமயே பஸ் ஏறிப் போயிட்டா. நான் வெவரம் தெரிஞ்சு போயி நின்னா, நர்சு சொல்றா, ‘அவங்க பாக்க வேண்டாம்ங்கறாங்க சார்.’ ‘நான் அவ அப்பாம்மா’ன்னேன். ‘அப்பா இல்லைன்னுதானே சொன்னாங்க’ன்னு அந்தப் புள்ள என்னை மேலயும் கீழயும் பாக்குது. அந்த வராண்டாவுல நான் நின்ன நெலைமை எதிரிக்கும் வரக் கூடாதுங்க. பெத்தவன் என்ன கொறை வெச்சேன்? சொல்லுங்க, என்ன கொறை வெச்சேன்?

கை கூடுனதும் அங்கிருந்தே சேலத்துக்குப் போயிட்டா. கூடப் படிச்ச புள்ள ஒருத்தி இருக்கறா. ஒரு கம்பெனில வேலை, லேடீஸ் ஹாஸ்டல்ல ரூமு. விவாகரத்துக் கேஸும் முடிஞ்சுது. எங்கிட்டப் பேசறதில்லை. என்ற நம்பரு அவ போனுக்குப் போகவே போகாது. பூங்கொடிகூட மட்டும் பேசுவா. நான் சமையக்கட்டுக்குள்ள போனா பூங்கொடி குரலைத் தாழ்த்திக்குவா. ‘நல்லா இருக்கறாளா?’ன்னு கேட்டா, ‘இருக்கறா’ம்பா. அதுக்கு மேல ஒரு வார்த்தை வராது. ஒரே ஊட்டுல இருந்துட்டு அவ எனக்குப் பொட்டலமாத்தானுங்க சேதி குடுக்கறா.

அப்பப்ப லீவு போட்டுட்டு இப்படிச் சேலம் போவேன். ஹாஸ்டலுக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி இருக்குது. ஒரு டீயைச் சொல்லிட்டு உக்காந்திருப்பேன். ஆறு மணிக்கு வருவா. எளைச்சுட்டா. ஒடிஞ்ச கையில பையைப் போட மாட்டா, இந்தக் கையிலதான். கேட்டுக்குள்ள போறவரைக்கும் பாத்துட்டு வந்துருவேன். கூப்புட்டா ஓடிருவாளோன்னு பயமுங்க. பெத்த புள்ளையக் கூப்புடப் பயம்.

நேத்து பூங்கொடி சொல்லிட்டா, ஞாயித்துக்கெழமை அவ பூனா போறாளாம். அங்கயே வேலையாம். இனி எந்தப் பேக்கரியில உக்காந்து பாக்கறது? அதுதான் இன்னைக்கு எப்படியாச்சும் பேசிரோணும்னு கெளம்பிட்டேன். கூடையில பெருசா ஒண்ணும் இல்லீங்க. அந்தப் பழைய மெசினோட கீபோர்டு. மெசினு செத்துப் போச்சு, கீபோர்டு மட்டும் இருக்குது. அவ தேயத் தேய அமுக்குனது. குடுத்தா வாங்குவாளோ என்னமோ.

சேலத்துக்குள்ள வந்துட்டோம் போலிருக்குதே. தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? உங்க போனைச் சித்தக் குடுப்பீங்களா? என்ற நம்பரு போகாது. புது நம்பருன்னா எடுப்பா. ரெண்டு வார்த்தை. ‘கெளம்பு கண்ணு, நம்ம ஊட்டுக்குப் போலாம்’னு மட்டும் சொல்லிடறேன். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன். என்ன ஆச்சு, ஏது ஆச்சு, ஒண்ணும் கேக்க மாட்டேன்.

நம்பரு மனப்பாடமுங்க. நானே போட்டுக்கறேன். இல்ல, நீங்களே போடுங்க. சொல்றேன்.

அடிக்குது.

எடுத்துட்டா...

...

இந்தாங்க தம்பி.

இல்லீங்க, அவதான் பேசுனா. ‘ஹலோ, யாருங்க’ன்னா. அதே கொரலு. சொல்லலாம்னுதான் வாயைத் தொறந்தேன். இந்தப் பாழாப்போன தொண்டை, செருமிருச்சு. அவ்வளவுதானுங்க. வார்த்தை வர்றதுக்குள்ள அவ முந்திக்கிட்டா. மெதுவாச் சொன்னா. ‘அப்பாவா இருந்தா வெச்சுருங்க.’

அப்பான்னாளுங்க. கேட்டீங்களா? இல்லைன்னு சொன்னவ. செருமலை வெச்சே கண்டுபுடிச்சுட்டா பாருங்க.

வெச்சுட்டேன். எம் பொண்ணு சொன்னா சொன்னதுதான். ஒரு கேள்வி கேக்கல.

அந்த நம்பரை உங்க போன்ல இருந்து அழிச்சுருங்க தம்பி, அவளுக்குப் புடிக்காது. ஸ்டாண்டு வந்துருச்சு, நீங்க எறங்குங்க. நான் எறங்கலீங்க. இதே வண்டி திரும்பக் கோயமுத்தூருதானுங்களே போகும்?